மாப்பிள்ளைச் சாமியின் ஊர்க்காரர்களுக்கு

காரைக்கால் கடற்கரையூர்களின் பஞ்சாயத்தார், கோயில், பள்ளிவாசல், தேவாலயப் பொறுப்பாளர்கள், படகுச் சொந்தக்காரர்கள், தொழிலுக்குப் போகிறவர்கள், கரையில் காத்திருக்கும் வீட்டுப் பெண்கள் அனைவருக்கும் இந்த மடல்.

ஆண்டுதோறும் மாசி மகத்தன்று திருக்கண்ணபுரத்திலிருந்து சௌரிராஜப் பெருமாள் புறப்பட்டுத் திருமலைராயன்பட்டினத்துக் கடற்கரைக்கு வருகிறார். பட்டினச்சேரிக்காரர்கள் அவரை மாப்பிள்ளை என்று சொல்லித்தான் வரவேற்கிறார்கள். வலைஞர் குலத் தலைவன் மகள் பத்மினியை அவர் மணந்தார் என்பது தலத்தின் மரபு. பெண் கொடுத்த ஊருக்கு வருகிறவரைத் தோளில் சுமந்து தீர்த்தவாரிக்குக் கொண்டுபோகும் உரிமை மீனவர்களுக்கு உண்டு. கடவுளோடு இவ்வளவு நெருக்கமாகச் சம்பந்தம் பேசிய ஊர்கள் தமிழ்நாட்டுக் கரையிலும் அதிகம் இல்லை.

இந்த உறவைத் தெரிந்துகொண்டே இந்த மடல் எழுதப்படுகிறது. புயல் வரும்போதெல்லாம் கரையூர் மக்களை மூடநம்பிக்கைக்காரர்கள் என்று தொலைக்காட்சியில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். கண்ணுக்கெட்டிய தூரம்வரை தண்ணீரைத் தவிர எதுவும் தெரியாத இடத்தில், பாதி இரவில், என்ஜின் நின்றுபோன படகில் அவர்கள் ஒருநாளும் இருந்ததில்லை. அங்கே இருந்தவர் வாயில் அம்மா என்றோ, மாதாவே என்றோ, யா அல்லாஹ் என்றோதான் வரும். அதைக் குறை சொல்ல எவருக்கும் தகுதி இல்லை.

அரசலாற்று முகத்துவாரத்தில் கட்டிக்கிடக்கும் படகுகளின் முகப்பைப் பார்த்தாலே இந்தக் கரையின் மனசு தெரிந்துவிடும். வடக்கே போனாலும் தெற்கே போனாலும் ஒரு காவல் தெய்வம் நிற்கிறது. ஊருக்கு ஊர் மாரியம்மன். நகரத்துக்குள்ளே மஸ்தான் சாகிப் தர்கா. வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர். அங்கே ஷாகுல் ஹமீது ஆண்டகை, நடுக்கடலில் ஓட்டை விழுந்த கப்பலைக் காப்பாற்றியவர் என்று போற்றப்படுகிறவர். இன்னும் தெற்கே போனால் வேளாங்கண்ணி. புயலில் சிக்கிப் பிழைத்த போர்த்துக்கீசிய மாலுமிகள் நன்றிக்கடனாக எழுப்பிய ஆலயம் என்பது அதன் வரலாறு. மூன்று மதங்களும் இந்தக் கரையில் ஒரே கதையைத்தான் சொல்கின்றன: கடலில் தத்தளித்தவன் கூப்பிட்டான், கை கொடுக்க ஒருவர் வந்தார்.

ஆனால் 2004 டிசம்பர் 26 இந்தக் கதையின் நடுவில் வந்து நின்றுவிட்டது. கடவுளை நம்பினால் காப்பாற்றப்படுவோம் என்று இந்தக் கரையில் யார் பேசினாலும் அந்த ஞாயிற்றுக்கிழமையைத் தாண்டிப் போக முடியாது.

அன்று காலை இந்திய நேரப்படி 6.29 மணிவாக்கில் சுமத்ராவுக்கு அருகே கடலடியில் 9.1 அளவில் நிலம் பிளந்தது. காரைக்கால் கரையில் அலை ஏறியபோது மணி ஒன்பதை ஒட்டியிருந்தது. நடுவில் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் இருந்தது. கார் நிக்கோபாரில் விமானப்படைத் தளம் அதற்கு முன்பே தண்ணீரில் போயிருந்தது. காரைக்கால்மேட்டுக்கோ, கிளிஞ்சல்மேட்டுக்கோ, பட்டினச்சேரிக்கோ ஒரு வார்த்தை வரவில்லை. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் அன்று செத்தவர்களில் பெரும்பாலோர் காரைக்கால் கரையூர்க்காரர்கள். பக்கத்து நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல்.

போனவர்களில் பெண்களும் குழந்தைகளும் அதிகம். ஆக்ஸ்பாம் அமைப்பு 2005-இல் வெளியிட்ட அறிக்கையில் கடலூர் மாவட்டத்துக் கணக்கு இருக்கிறது: பெண்கள் 391, ஆண்கள் 146. ஆழ்கடலில் இருந்த ஆண்களுக்கு அலை படகுக்கு அடியில் கடந்துபோனதே தெரியவில்லை. கரையில் மீன் வாங்கவும் பிரிக்கவும் நின்ற பெண்களும், வீட்டில் பிள்ளைகளோடு இருந்த பெண்களும்தான் அகப்பட்டார்கள்.

இந்தக் கணக்கை ஒரு பழைய நம்பிக்கையோடு வைத்துப் பார்க்க வேண்டும். கடலுக்குப் போன கணவனின் உயிர் கரையில் இருக்கும் மனைவியின் ஒழுக்கத்தில் தொங்குகிறது என்ற நம்பிக்கை இந்தியக் கரைகள் பலவற்றில் உண்டு. தகழி சிவசங்கரப் பிள்ளை 1956-இல் எழுதிய ‘செம்மீன்’ நாவல் முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது. எத்தனை தலைமுறைப் பெண்கள் இந்தப் பழியைச் சுமந்தார்கள்! படகு திரும்பாத வீட்டில், புருஷனை இழந்த துக்கத்தோடு ஊரின் பார்வையையும் தாங்கினார்கள். 2004-இல் நடந்தது நேர்மாறு. கணவனுக்காக விளக்கேற்றியவள் கரையில் போனாள். கணவன் கடலிலிருந்து பத்திரமாகத் திரும்பி வந்து அவளைத் தேடினான். யாருடைய பாவம் யாரைக் கொன்றது? அந்தக் கேள்விக்கே அன்றோடு இடமில்லாமல் போயிருக்க வேண்டும்.

போகவில்லை. சுனாமிக்குப் பிறகும் இது எந்தப் பாவத்தின் பலன், யார் செய்த குற்றத்துக்குத் தண்டனை என்று பல வாய்கள் பேசின. இது புதிய பேச்சும் இல்லை. 1934 ஜனவரி 15-இல் பீகாரை நிலநடுக்கம் நொறுக்கியபோது காந்தியடிகள் தென்னிந்தியச் சுற்றுப்பயணத்தில் இருந்தார். அதே மாதம் 24-ஆம் தேதி திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை இது என்றார். அவர்மேல் அளவற்ற மரியாதை வைத்திருந்த ரவீந்திரநாத் தாகூரே அதை வெளிப்படையாக மறுத்து எழுதினார். மண்ணுக்கடியில் நடக்கும் இயற்கை நிகழ்வுக்கு மண்மேல் மனிதர்கள் செய்யும் ஒழுக்கக்கேட்டைக் காரணமாக்கக் கூடாது என்பது தாகூரின் வாதம். காந்தி தம் ‘ஹரிஜன்’ இதழிலேயே அந்த மறுப்பை வெளியிட்டார், தம் பதிலோடு. தீண்டாமையை ஒழிக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் இடிபாட்டுக்குள் செத்த குழந்தையை அந்த வாதத்துக்குச் சாட்சியாக அழைக்கக் கூடாது என்பதில் தாகூர் சொன்னதே சரி. அது பீகாருக்கும் சரி, காரைக்காலுக்கும் சரி.

இதோடு சேர்த்து நிதானமாகப் பேச வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸ் மறுநாள் கூட்டம் கரையில் நிறைந்திருந்தது. பேராலயத்துக்குள் தண்ணீர் புகவில்லை என்று பக்தர்கள் இன்றும் உருகிச் சொல்கிறார்கள். உள்ளே பூசையில் இருந்து பிழைத்தவர் அதற்கு நன்றி சொல்வது இயல்பு, சொல்லட்டும். ஆனால் அதே மாதாவைத் தேடி வெகு தூரத்திலிருந்து வந்து, கடலைப் பார்க்க இறங்கிய நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. அவர்கள் நம்பிக்கை குறைந்தவர்களா? பிழைத்தவரின் நன்றி இறந்தவர் வீட்டுக்காரரின் நெஞ்சில் முள்ளாகக் குத்தாமல் சொல்லப்பட வேண்டும். பிரசங்கம் செய்கிறவர்களும் கதாகாலட்சேபம் செய்கிறவர்களும் பயான் செய்கிறவர்களும் இதை மனசில் வைத்துக்கொண்டால் போதும்.

காரைக்காலின் சொந்த அடியார் யார் என்று நினைத்துப் பார்த்தால் வழி தெரியும். காரைக்கால் அம்மையார் கடல் வணிகர் குடும்பத்துப் பெண். கணவன் பரமதத்தன் கப்பலேறிப் போனவன். போனவன் இவளிடம் திரும்பி வரவில்லை, பாண்டி நாட்டுத் துறைமுகத்தில் வேறு குடும்பம் அமைத்துக்கொண்டான். கடலுக்குப் போனவன் திரும்பாத வீட்டின் கதை அது. அம்மையார் நினைவாக ஆனி மாதம் மாங்கனித் திருவிழாவில் ஊரே கூடி மாம்பழம் இறைக்கிறோம். அந்தப் பெண் இறைவனிடம் பாதுகாப்பான வாழ்க்கையைக் கேட்கவே இல்லை. அழகையும் உடம்பையும் உதறிப் பேய் வடிவம் கேட்டு வாங்கினார். திருவாலங்காட்டுச் சுடுகாட்டில் இருந்து பாடினார். அச்சம் தரும் இடத்திலேயே இறைவன் ஆடுகிறான் என்று கண்டவர் அவர். தமிழ்ப் பக்தி மரபின் முதல் குரல்களில் ஒன்று இந்த ஊர்க் குரல். அதில் உயிருக்கு உத்தரவாதம் கேட்கும் பேரமே இல்லை. நம்பிக்கை என்பது ஆபத்து வராது என்ற ஒப்பந்தம் என்று நினைப்பவர்கள் அம்மையார் கோயிலுக்கு ஒருமுறை போய் நிற்கலாம்.

அப்படியானால் கடவுள் காப்பாற்றுவார் என்று சொல்வதில் பொருளே இல்லையா? இருக்கிறது. அந்த டிசம்பருக்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். நாகூர் தர்காவினர் அடையாளம் தெரியாத உடல்களுக்கு எந்த மதம் என்று கேட்காமல் அடக்கத்துக்கு இடம் கொடுத்தார்கள். கோயில்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் அரசு வாகனம் வந்து சேரும்முன் சோறு போட்டன. மகனைப் பறிகொடுத்த கடலுக்கே சில மாதங்களில் மறுபடியும் படகு தள்ளினீர்கள். உளவியல் மருத்துவர்கள் பெயர் வைக்க முடியாத துணிச்சல் அது. கற்பூரத்தையும் எலுமிச்சம்பழத்தையும் தவிர அதற்கு வேறு ஆதாரம் அப்போது உங்களிடம் இருக்கவில்லை.

கூடவே, அந்த நாளில் உயிர் காத்த ஒரு கருவியையும் நினைவுபடுத்த வேண்டும். புதுச்சேரிப் பகுதியில் நல்லவாடு என்றொரு மீனவ ஊர். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு கிராமத் தகவல் மையம் வைத்திருந்தது. கடலின் நிலவரத்தை ஒலிபெருக்கியில் சொல்வது அதன் வேலை. சிங்கப்பூரில் வேலையில் இருந்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் சுனாமிச் செய்தி அறிந்து ஊருக்குத் தொலைபேசியில் பேசினார். விடுமுறை நாள், மையம் பூட்டிக்கிடந்தது. ஊர்க்காரர்கள் பூட்டை உடைத்தார்கள். ஒலிபெருக்கியில் ஓடச் சொன்னார்கள். சுமார் 3,600 பேர் வாழ்ந்த ஊர். வீடுகள் போயின, படகுகள் போயின. உயிர் ஒன்றும் போகவில்லை.

ஒரு தொலைபேசி, ஒரு பூட்டு, ஒரு ஒலிபெருக்கி. காரைக்கால் கரையூர்களில் ஒலிபெருக்கி இல்லாத கோயில் எது? பாங்கு சொல்லாத பள்ளிவாசல் எது? மணி இல்லாத மாதா கோயில் எது?

ஜப்பானில் 1854-இல் நடந்ததை உலகம் இன்றும் கொண்டாடுகிறது. ஹிரோ என்ற கடற்கரைக் கிராமத்தில் பெரும் நிலநடுக்கம். பொழுது சாய்ந்தபின் அலை வந்தது. இருட்டில் மக்களுக்கு வழி தெரியவில்லை. ஹமகுச்சி கோரியோ என்ற வணிகர் அறுவடை செய்து அடுக்கிவைத்த நெற்போர்களுக்குத் தீ வைத்தார். அந்த வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு மக்கள் மேட்டுக்கு ஓடினார்கள். மேட்டில் இருந்தது எது தெரியுமா? ஊர்க் கோயில், ஹச்சிமான் சன்னதி. அவர் அதோடு நிற்கவில்லை. சொந்தப் பணத்தில், சொந்த ஊர்க்காரர்களுக்கே கூலி கொடுத்து, சுமார் 600 மீட்டர் நீளத்துக்குக் கரையில் அணை எழுப்பி, அதன் ஓரம் பைன் மரங்கள் நட்டார். 1946-இல் மறுபடியும் அலை வந்தபோது அந்த அணை ஊரின் பெரும்பகுதியைக் காத்தது. ஹமகுச்சியின் நினைவாகத்தான் நவம்பர் 5 உலகச் சுனாமி விழிப்புணர்வு நாளாக ஐ.நா. அவையால் அறிவிக்கப்பட்டது. அந்த ஊரில் கோயிலும் எச்சரிக்கையும் இரண்டாக இருக்கவில்லை. ஓடிப்போய்ச் சேர வேண்டிய இடம் கோயில். அதற்கு வழிகாட்டியது ஒரு மனிதர் மூட்டிய தீ.

நம் பக்கத்திலும் இப்படி உண்டு. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் விழுங்கியபோது ராமேசுவரத்தில் மக்கள் அடைக்கலம் புகுந்தது பெரிய கோயிலுக்குள். வேதாரண்யம் அருகே நாலுவேதபதியில் 2002-இல் ஒரே நாளில் 80,244 மரக்கன்றுகள் நட்டு கின்னஸ் சாதனை படைத்தார்கள். இரண்டு வருடம் கழித்துச் சுனாமி வந்தபோது, அந்த வளரும் தோப்பு அலையின் வேகத்தை உடைத்தது. சுற்றுவட்டாரத்தோடு ஒப்பிட அங்கே இழப்பு மிகக் குறைவு. அந்தக் கன்றுகளை நட்டவர்களில் சாமி கும்பிடாதவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

2004-இல் இல்லாத பல இன்று இருக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். ஹைதராபாத்தில் இன்காய்ஸ் நிறுவனத்தின் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் 2007 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. கடலடியில் நிலம் அசைந்த சில நிமிடங்களில் அதற்குத் தெரிந்துவிடும். காரைக்காலிலேயே வானிலைத் துறையின் டாப்ளர் ரேடார் சுழல்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறியபோது அதைப் பின்தொடர்ந்த கண்களில் அதுவும் ஒன்று. 2008 நவம்பரில் நிஷா புயல் காரைக்காலுக்கு அருகிலேயே கரையைக் கடந்தபோது இந்த வசதி இங்கே இல்லை.

எச்சரிக்கைக்குக் காது கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒடிசாவைவிட நல்ல சாட்சி இல்லை. 1999 அக்டோபரில் அங்கே வந்த பெரும்புயலில் ஏறக்குறைய 10,000 பேர் மாண்டார்கள். 2013-இல் பைலின் வந்தபோது 10 லட்சம் பேரளவில் முன்கூட்டியே நகர்த்தப்பட்டார்கள். உயிரிழப்பு பத்துக்கணக்கில் நின்றது. ஜகந்நாதரின் பூமி அது. அந்தப் பதினான்கு வருடத்தில் ஒடிசா மக்களின் பக்தி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. புயல் காப்பகங்களும், தகவல் வந்தவுடன் எழுந்து போகும் பழக்கமும் வந்தன.

எழுந்து போகும் பழக்கம்தான் கடினம். 2012 ஏப்ரல் 11-இல் சுமத்ரா அருகே 8.6 அளவில் நிலம் அதிர்ந்தது. தமிழகக் கரை முழுக்க எச்சரிக்கை, மக்கள் ஓடினார்கள். பெரிய அலை வரவில்லை. அடுத்த முறை, போன தடவையே ஒன்றும் வரவில்லையே, அம்மன் இருக்கிறாள், பார்த்துக்கொள்வாள் என்று யாராவது ஒரு பெரியவர் திண்ணையை விட்டு நகராமல் இருந்தால், அவர் பேச்சைக் கேட்டு வீட்டுப் பிள்ளைகளும் நகராமல் இருப்பார்கள். அம்மன்மேல் உள்ள நம்பிக்கை இந்த இடத்தில் ஆளைக் கொல்லும். அன்று வீணாக ஓடியதாக நினைக்க வேண்டாம். அதை ஒரு நேர்த்திக்கடனாகவே எண்ணிக்கொள்ளலாம். இஸ்லாமியப் பெரியவர்கள் தவக்குல், அதாவது இறைவன்மேல் பாரத்தைப் போடுவது, பற்றிச் சொல்லும்போது ஒட்டகத்தை முதலில் கட்டு, பிறகு இறைவனிடம் ஒப்படை என்ற நபிமொழியைச் சொல்வார்கள். புயல் கூண்டு ஏற்றிய நாளில் படகைக் கரையில் கட்டுவதும் அதே வணக்கத்தின் பகுதிதான்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்து மீனவர்களைக் கொண்டுபோனபோது, அவர்களில் பெரும்பாலோர் எச்சரிக்கை வருமுன்பே ஆழ்கடலில் இருந்தார்கள். அங்கே பங்குத் தேவாலயங்கள் செபம் செய்ததோடு நிற்கவில்லை. வீடுவீடாகக் காணாமல் போனவர் பட்டியல் எடுத்தன. தேடச் சொல்லிக் குழித்துறையில் ரயிலை மறித்த மக்களோடு நின்றன. வழிபாட்டு இடம் கணக்கும் வைத்தது, குரலும் எழுப்பியது. ஆழ்கடலுக்குச் செய்தி கொண்டுபோகும் கருவி படகுக்குப் படகு வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான். அதைக் கேட்டு வாங்க வேண்டியது உங்கள் பஞ்சாயத்தின் பொறுப்பு. கொடுக்க வேண்டியது அரசின் கடமை.

கடவுள் தலையில் போட முடியாத ஆபத்துகளும் உண்டு. 2025 ஜனவரி 28-இல் நெடுந்தீவு அருகே காரைக்கால் படகில் இருந்த 13 மீனவர்களை இலங்கைக் கடற்படை பிடித்தபோது துப்பாக்கி வெடித்தது, இருவர் படுகாயமடைந்தனர். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவை இரண்டு அரசுகள். எல்லாம் அவன் செயல் என்று நாம் சொல்லிவிட்டால், பதில் சொல்ல வேண்டியவர்கள் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்கள்.

இனி, கேட்க வந்தது. ஒவ்வொரு டிசம்பர் 26-ஆம் தேதியும் நீங்கள் தொழிலுக்குப் போவதில்லை. பாலும் பூவும் எடுத்துக்கொண்டு கரைக்கு வருகிறீர்கள். ஊர் முழுக்க ஒரே இடத்தில் இருக்கும் நாள் அது. அஞ்சலி முடிந்தபின் ஒரு மணி நேரம் கூடுதலாக இருங்கள். கோயில் ஒலிபெருக்கி, பள்ளிவாசல் ஒலிபெருக்கி, தேவாலய மணி மூன்றிலும் ஒரே எச்சரிக்கையை ஒலிக்கச் செய்து, எந்தத் தெரு எந்த வழியாக எந்த மேட்டுக்குப் போவது என்று நடந்து பாருங்கள். நடக்க முடியாத பாட்டிமார் யார் வீட்டில் இருக்கிறார்கள், அவர்களை யார் தூக்குவது என்று பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். ஒலிபெருக்கி அறையின் சாவி ஒருவரிடம் மட்டும் இருக்க வேண்டாம். குறைந்தது மூன்று வீட்டில் இருக்கட்டும், அதில் ஒன்று பெண் கையில் இருக்கட்டும். பஞ்சாயத்தில் பெண்களுக்கு இன்னும் இடம் தராத ஊர்கள் இந்த ஒரு வேலைக்காவது அவர்களை உட்கார வைக்க வேண்டும். 2004-இல் அதிகம் பறிகொடுத்தவர்கள் அவர்கள்.

புதுப் படகுக்குப் பூசை போடும்போது உயிர்காப்புச் சட்டைகளையும் தட்டில் வையுங்கள். புழுக்கம், வலை இழுக்க இடைஞ்சல் என்று மூலையில் போடாமல் போட்டுக்கொள்ளுங்கள். திருவிழா வசூலில் ஒரு பங்கைச் சவுக்கும் பனையும் நடுவதற்கு ஒதுக்குங்கள். கணவனை இழந்த பெண்ணைப் பார்த்து யாராவது பாவக்கணக்கு பேசினால் அங்கேயே நிறுத்துங்கள். மாவட்ட நிர்வாகத்துக்கு இந்த ஒத்திகை பற்றி ஊர் லெட்டர்பேடில் இப்போதே எழுதிவிடுங்கள். தேதி குறிக்க நீங்கள் அவர்களுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி பஞ்சாயத்தார் முதலில் தொடங்கினால் மற்ற ஊர்கள் பின்னால் வரும். வரும் டிசம்பர் 26-லேயே தொடங்குங்கள்.